ஏலி செய்த தவறு

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் வேதபாடம் ஒன்றைச் சொல்லி அமர்ந்துவிடுவது என் வழக்கம். இந்த முறை நம் மருத்துவக் கண்காணிப்பாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, நண்பர்கள் கொடுத்த காணிக்கையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாங்கிய கருவிகளில் ஏதாவது ஒன்றைப் பற்றி நீங்களே பேசுங்களேன்" என்றார்கள். பெரிய கருவிகள் பல இருக்கின்றன. நானோ எல்லாவற்றிலும் சிறியதைத் தெரிந்துகொண்டேன். அது உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு முனையில் வெள்ளைக் குழாய் ஒன்றைச் செருகி ஊதச் சொல்லுவார்கள். இரவில் சாலையோரம் போலீஸ்காரர் கையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆம், குடித்திருக்கிறாரா, எவ்வளவு குடித்திருக்கிறார் என்று காட்டும் கருவிதான்.

சபை மக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஆயர் பேச வேண்டிய விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய பாவம் ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. அதை முதலில் அறிக்கையிட்டுவிடுகிறேன்.

சுமார் 28 ஆண்டுகளுக்கு முன், நான் மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த புதிது. ஒரு நாள் மாலை ஐந்து மணியிருக்கும். ஆட்டோக்காரர் ஒருவர் நடுத்தர வயதுள்ள ஒரு மனிதரைக் கொண்டுவந்து வராந்தாவில் இறக்கினார். "சாராயக் கடைக்கிட்ட விழுந்து கிடந்தாருங்க. நல்லாத் தண்ணி போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதருக்கு நாக்குக் குழறியது. சட்டையெல்லாம் வியர்வை. பெயரைக் கேட்டால் ஏதோ உளறினார். கையைப் பிடித்தால் உதறினார். நான் சிஸ்டரிடம், "இங்கேயே ஒரு ஓரமாகப் படுக்கட்டும் அம்மா, போதை தெளிந்ததும் எழுந்து போய்விடுவார். உள்ளே உண்மையான நோயாளிகள் காத்திருக்கிறார்கள்" என்றேன். அவரிடமிருந்து சாராய நாற்றம் வந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. மனம் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டால் மூக்கும் அதற்குச் சாட்சி சொல்லிவிடும் என்பதை அன்றுதான் கற்றேன்.

அந்தச் சிஸ்டர் என்னைவிட வயதில் சிறியவர், அனுபவத்தில் பெரியவர். என்னிடம் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அவர் விரலைக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். 32 இருந்தது. ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் அந்த மனிதர் கண் விழித்துச் சுற்றிலும் பார்த்து, "என் பை எங்கே? பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் அதில் இருக்கிறது" என்று தெளிவாகக் கேட்டார். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், அலைச்சலில் மதியம் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். பேருந்துக்கு நடந்து போகும் வழியில் அந்தக் கடை இருந்தது. அவர் செய்த குற்றம் அங்கே விழுந்தது மட்டும்தான்.

இரவு அவர் மனைவி வந்தார்கள். யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலும். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "அவர் அதைக் கையால தொட்டதே இல்லீங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்கள். சர்க்கரை இன்னும் சற்று நேரம் அப்படியே இருந்திருந்தால் அவர் மூளை பாதிக்கப்பட்டிருக்கும், உயிரும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் ஆசாரியனாகிய ஏலியைப் பார்க்கிறோம். சீலோவிலுள்ள ஆலயத்தின் வாசலருகே உட்கார்ந்திருக்கிறான். பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து ஜெபம்பண்ணுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஏலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவுசெய்து கடிந்துகொள்கிறான். அவளோ தான் மதுபானம் பண்ணவில்லை என்றும், மனக்கிலேசமுள்ளவள் என்றும் விளக்கிச் சொல்லுகிறாள். நான் இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் ஏலியின் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்ததில்லை. ஏலியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தவறு தெரிந்தவுடன் தன் வார்த்தையை மாற்றிக்கொண்டு, அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான். பெந்தெகொஸ்தே நாளிலும் எருசலேமில் இதே தவறு நடந்தது. சீஷர்கள் குடித்திருக்கிறார்கள் என்று சிலர் பரியாசம்பண்ணினார்கள். பேதுரு எழுந்து நேரத்தைச் சுட்டிக்காட்டி, காலையிலேயே யார் குடிப்பார் என்ற பொருளில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே, பார்த்த மாத்திரத்தில் ஒருவரைக் குடிகாரர் என்று முடிவுசெய்வது பழைய தவறு. அதிலிருந்து நம்மைக் காக்கும் ஒரு வழிதான் அளந்து பார்ப்பது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். குடித்த மது வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது, அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகி மூச்சோடு வெளியே வருகிறது. இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கதாகத்தான் மூச்சிலும் இருக்கும். ஆழ்ந்த மூச்சுக் காற்று 2,100 மில்லி லிட்டரில் இருக்கும் மதுவும், இரத்தம் ஒரு மில்லி லிட்டரில் இருக்கும் மதுவும் ஏறக்குறையச் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். அதனால்தான் "நிறுத்தாமல் ஊதுங்கள், இன்னும், இன்னும்" என்கிறார்கள். வாயில் இருக்கும் காற்று போதாது, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்று வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பலர். சுவீடன் தேசத்து விஞ்ஞானி எரிக் விட்மார்க் என்பவர், குடித்த அளவு, உடல் எடை, கழிந்த நேரம் இவற்றைக் கொண்டு இரத்தத்திலுள்ள மதுவைக் கணக்கிடும் முறையை 1932-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோலா ஹார்கர் என்ற பேராசிரியர் பலூனுக்குள் ஊதச் செய்து, அந்தக் காற்றை ஊதா நிற இரசாயனத்தில் செலுத்திப் பார்க்கும் கருவியைச் செய்தார். 1938-இல் போலீசார் அதை உபயோகிக்கத் தொடங்கினார்கள். அதே மாநிலத்துப் போலீஸ் துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் இன்னும் எளிய கருவியைக் கொண்டுவந்தார். அதற்குள் இருந்த மஞ்சள் நிறத் திரவம் மது பட்டால் நிறம் மாறும். எவ்வளவு மாறியது என்பதை ஒளியைக் கொண்டு அளந்தார்கள். இன்று நம்மிடம் உள்ள கருவியில் நிறம் மாறும் திரவம் கிடையாது. பிளாட்டினம் பூசிய ஒரு சிறு தகடு இருக்கிறது. மது அதன்மேல் பட்டு மாற்றமடையும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. மது அதிகமானால் மின்சாரமும் அதிகம். அதுவே திரையில் எண்ணாக வருகிறது.

அந்த எண், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் மது இருக்கிறது என்பதைச் சொல்லுகிறது. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, ஓட்டுநருக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் குற்றம். 2019-இல் செய்த திருத்தத்தின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இங்கிலாந்தில் 1967-இல் இந்த எல்லையை 80 என்று வைத்தார்கள். நம்முடைய எல்லை அதைவிட மிகவும் கண்டிப்பானது.

கருவிக்கும் குறைகள் உண்டு. மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளித்தவுடன் ஊதினால், வாயில் தங்கிய மதுவினால் எண் பொய்யாக ஏறிவிடும். ஆகவே கால் மணி நேரம் காத்திருந்து ஊதச் சொல்லுவார்கள். நினைவில்லாதவர் ஊத முடியாது, அவருக்கு இரத்தம்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது நம் சிஸ்டர்கள் வழக்கம்போல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சினால் தோலைத் துடைக்கக் கூடாது. ஏனென்றால் அந்த ஸ்பிரிட்டே கணக்கில் கலந்து சந்தேகத்தை உண்டாக்கிவிடும். ஒரு மனிதனின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம், பஞ்சு விஷயத்தில்கூடக் கவனம் வேண்டும்.

இனி இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லுகிறேன். இவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். விடியற்காலையில் காய்கறி மூட்டைகளையும், அவற்றை விற்கப் போகும் பெண்களையும் சந்தைக்கு ஏற்றிப் போவார். ஒரு நாள் காலை ஐந்து மணிக்குச் சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரில் மோதிவிட்டார். அவருக்குக் கீறல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாயாருக்குத் தொடையெலும்பு முறிந்துபோயிற்று. டாக்டர் அவரை ஊதச் சொன்னார். 52 என்று வந்தது.

அந்த மனிதர் அழுதார். "நேத்து ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு குவார்ட்டர் சாப்பிட்டது உண்மை சார். ஆனா தூங்கி எழுந்து, தலைக்குக் குளிச்சு, காப்பி குடிச்சிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். நான் தெளிவாத்தான் இருந்தேன்" என்றார். பொய் சொல்லுகிறார் என்று அங்கிருந்த எல்லாரும் நினைத்தார்கள். டாக்டர் மட்டும் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காண்பித்தார்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவிகிதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் அதற்குள் இருக்கும் கலப்பில்லாத மது ஏறக்குறைய 61 கிராம். அந்த மனிதரின் எடை 55 கிலோ. உடம்பிலுள்ள நீரிலேயே மது பரவுகிறபடியால், விட்மார்க்கின் முறைப்படி ஆண்களுக்கு எடையில் 68 சதவிகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த 61 கிராம் அதில் பரவினால், 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்குச் சுமார் 160 மில்லிகிராம் வரும். கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ஆளுக்கு ஆள் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் அவசரப்படுத்த முடியாது. ஏழு மணி நேரத்துக்கு 105 கழித்தால் மீதி 55. கருவி காட்டியது 52.

அவர் பொய் சொல்லவில்லை. குடித்ததையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குளித்தால் தெளியும், கறுப்புக் காப்பி குடித்தால் தெளியும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் தெளியும், மோர் குடித்தால் தெளியும் என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. அது எதுவும் இரத்தத்திலுள்ள மதுவை ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்காது. தூக்கம் கலையலாம், முகம் தெளியலாம். மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறுவது மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் கல்லீரலின் வேலை. அதற்கு வேண்டியது நேரம் ஒன்றே. அந்தத் தாயாரின் கால் கூடுவதற்கு மாதக்கணக்கு ஆயிற்று. அவர்கள் பிழைப்பு அத்தனை மாதம் நின்றது. தெரியாமையின் விலையை எப்போதும் தெரியாதவரே கொடுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொடுக்கிறார்.

"நான் பீர் மட்டும்தான் சாப்பிடுவேன் ஐயா, அது ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் வாலிபர்களுக்காகவும் ஒரு கணக்கு. 8 சதவிகிதமுள்ள ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம் மது இருக்கிறது. பிராந்தியில் 60 மில்லி ஊற்றினால் சுமார் 20 கிராம். அப்படியானால் ஒரு பாட்டில் பீர், இரண்டு பெரிய பெக் பிராந்திக்குச் சமம். நுரைக்குள் ஒளிந்திருப்பதால் அளவு குறைந்துவிடாது. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் எண் அதிகமாகும், ஏனென்றால் பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு.

இதுவரை குடித்தவரைப் பிடிக்கும் கருவியாகவே பேசினேன். மருத்துவமனையில் அதன் முக்கியமான உபயோகம் வேறு. ஒரு சனிக்கிழமை, கூலி கொடுக்கும் நாள். கட்டட வேலைக்காரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து வந்தார். வாயில் நாற்றம் நிச்சயமாக இருந்தது, இந்த முறை என் கற்பனை அல்ல. கூட வந்தவர்கள், "போதையில் தூங்குகிறார்" என்றார்கள். ஊதச் சொன்னபோது தட்டுத்தடுமாறி ஊதினார். 38. இளம் டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "வேலை செய்து பழகிய உடம்பு. 38-க்கு இவ்வளவு மயக்கம் வரக் கூடாது. தலைக்குள் ஏதோ நடக்கிறது" என்றார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தது. அந்த இரவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம், அறுவைச் சிகிச்சை நடந்து பிழைத்தார். எண் பெரிதாக இருந்தாலும் தலைக்காயத்தை மறந்துவிடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். எண் சிறிதாக இருந்தால் குடியின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வழியே இல்லை. எனக்கு அந்த வராந்தா மனிதர் நினைவுக்கு வந்தார்.

ஆனால் அன்பானவர்களே, அந்த எண்ணிடம் எல்லாவற்றையும் கேட்க முடியாது. இதைச் சொல்லாவிட்டால் என் பேச்சு பாதிதான்.

அது எந்த மது என்று சொல்லாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தினால் 60-க்கும் மேற்பட்டவர்கள் மரித்துப்போனது உங்களுக்குத் தெரியும். மெத்தனால் உள்ளே போனவுடன் கொல்லுவதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் அது கண்ணின் நரம்பைக் கெடுத்து, இரத்தத்தை அமிலமாக்கி உயிரை வாங்குகிறது. அதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். சாதாரண ஊதும் கருவியில் வரும் எண்ணை வைத்து "மெத்தனால் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. கள்ளச்சாராயம் குடித்தவர் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் தூங்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. காலம் தாழ்த்தினால் அவற்றால் பயன் குறைவு.

இரண்டாவது, அந்த எண் இன்றைய கதையை மட்டுமே சொல்லும். பல நாளாகக் குடித்துவருகிறாரா என்பதை அறிய வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. சிறுநீரில் இரண்டு மூன்று நாள் வரையும், இரத்தத்தில் சில வாரங்கள் வரையும் தடயம் கண்டுபிடிக்கும் முறைகள் இப்போது உண்டு. ஆனால் பூஜ்யம் என்று வந்தால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. சிலருக்கு ஆபத்து பூஜ்யத்தில்தான் ஆரம்பமாகிறது. இதை நான் ஒரு மூப்பரிடமிருந்து கற்றேன்.

அவர் ஒரு சபையில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர், எனக்கும் வேண்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தார். டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? மதுப் பழக்கம் உண்டா? அவர் மனைவி, "இல்லீங்க டாக்டர்" என்றார்கள். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. படுக்கை விரிப்பைப் பிய்த்தார். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகவும், மரித்துப்போன தகப்பனார் வாசலில் நிற்பதாகவும் கத்தினார். பிள்ளைகள் என்னிடம் ஓடிவந்து, "பாஸ்டர், அப்பாவைப் பொல்லாத ஆவி பிடித்திருக்கிறது, வந்து ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நான் ஜெபித்தேன். டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, "ஐயா, அந்த அம்மாவைத் தனியே கேளுங்கள்" என்றார்.

அந்தத் தாயார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். பதினைந்து வருடமாகத் தினமும் இரவில் ஒரு குவார்ட்டர். கதவை மூடிக்கொண்டு. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று மது நின்றுபோனால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்குகிறது, சிலருக்கு இரண்டு மூன்று நாளில் இப்படிப் புத்தி கலங்கிவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. முன்னமே தெரிந்திருந்தால் முதல் நாளிலேயே மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம். அமைதிப்படுத்தும் மருந்தும், நரம்பில் வைட்டமின் பி1-உம் கொடுத்தார்கள். கர்த்தருடைய கிருபையால் ஒரு வாரத்தில் தெளிந்தார்.

பின்னொரு நாள் நான் அந்தத் தாயாரிடம், "டாக்டர் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே அம்மா?" என்று கேட்டேன். அவர்கள் சொன்னார்கள்: "நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்களே ஐயா. எப்படிச் சொல்றது?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்ல இருந்ததும் ஒன்றுமில்லை. வராந்தா மனிதரிடம் நான் செய்தது ஏலியின் தவறு, குடிக்காதவரைக் குடிகாரர் என்றேன். இந்த வீட்டாரிடம் நான் எதுவும் சொல்லவே இல்லை. என் அங்கியும், பல ஆண்டுகளாக நான் பிரசங்கபீடத்திலிருந்து குடிகாரர்களைப் பற்றிப் பேசிய தொனியுமே போதுமானதாயிருந்தது. அவர்கள் என்னிடமிருந்து மறைப்பதற்காக டாக்டரிடம் மறைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும் நேரத்தில் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி அறையைவிட்டு வெளியே வந்துவிடுவேன். நம் மருத்துவமனையில் இப்போது அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்கிறார்கள்.

குடி தவறல்ல என்று நான் சொல்ல வரவில்லை. குடியினால் பாழான குடும்பங்களின் கண்ணீரை வார்டு வார்டாகப் பார்த்தவன் நான். ஆனால் கடிந்துகொள்ளுகிறவனுக்கு முன்பாக யாரும் உண்மையான அளவைச் சொல்லுவதில்லை. அளவு தெரியாமல் டாக்டர் வைத்தியம் செய்ய முடியாது, ஆயரும் ஆறுதல் சொல்ல முடியாது.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் சேர நேர்ந்தால், குடிப்பழக்கம் இருக்கிறதா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது குடும்ப மானத்தைக் கெடுக்கும் காரியம் அல்ல, மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் காரியம். இரண்டாவது, கலியாண வீட்டிலோ நண்பர்களோடோ இரவு குடித்துவிட்டு, காலையில் வண்டியை எடுக்கப் போகிறவரிடம் அந்தச் சரக்கு ஆட்டோக்காரரின் கணக்கைச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம், கணக்கை மட்டும் சொல்லுங்கள். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தெருவில் விழுந்து கிடக்கும் ஒருவரைப் பார்த்து "குடிகாரன்" என்று தாண்டிப் போகாதீர்கள். அவர் குடித்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், எல்லாமே சேர்ந்தும் இருக்கலாம். எதுவாயிருந்தாலும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். அளந்து பார்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்பீர்களானால், அந்தச் சிறிய கருவிக்கு ஆளுக்கொரு புதிய குழாய் செருக வேண்டும். குறித்த காலத்தில் அதன் கணக்குச் சரியாயிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும், இல்லையேல் அதுவும் கள்ளத்தராசாகிவிடும். இவை பெரிய செலவுகள் அல்ல, ஆனால் நின்றுபோகக் கூடாத செலவுகள். உங்களால்தான் அவை நின்றுபோகாமல் இருக்கின்றன. ஓர் ஏழைக் கூலிக்காரர் மேல் தவறான பழி விழாமல் தடுக்கும் ஊழியத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அந்த வராந்தா மனிதர் சில ஆண்டுகள் கழித்து ஒரு முறை வந்தார், பரிசோதனைக்காக. அவர் மகன் படித்து வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அன்று மாலை நடந்ததைப் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவே இல்லை. மயக்கத்தில் இருந்தவருக்கு எப்படி நினைவிருக்கும்? "நீங்க என்ன செய்தீங்க ஐயா?" என்று ஆச்சரியத்தோடு கேட்டார். நான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லீங்க ஐயா. இனிமே யாரையாவது அப்படிக் கொண்டுவந்தா, முதல்ல விரலைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

அதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.